இடையாற்றுப் படித்துறை

அத்தியாயம் பதினொன்று

வெற்றிலை மண்டிக்காரரிடம் சொல்லிப் படகை வரவழைத்தது கந்தப்பன்தான். எதற்காக வரவழைத்தான் என்று அவன் மனைவி சௌந்திரம் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவள் எதையும் கேட்பதில்லை.

ஐப்பசியில் அவர்களுடைய ஒரே மகன், நான்கு வயது ராசு, காய்ச்சலில் போனான். அன்றிலிருந்து பாண்டமங்கலத்து வீட்டில் அவள் எழுந்தாள், பால் கறந்தாள், சோறு வடித்தாள், படுத்தாள். பையனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் கண்ணில் நீர் வரவில்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துப் பார்த்து, கடைசியில் ராகம் தவறி எழுந்து போனார்கள். "கல்லு" என்று ஒருத்தி முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது. விழுந்ததோடு சரி.

கந்தப்பனின் அக்கா ஆத்தாயி, காரியம் முடிந்த கையோடு புதுச்சத்திரத்திலிருந்து வந்து தங்கிவிட்டதையும், கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீட்டின் சாவியும் சொல்லும் அவளிடம் போய்ச் சேர்ந்ததையும் முந்தைய வாரங்களில் கண்டோம். இப்போது தை பிறந்திருந்தது.

"மோகனூர் வரைக்கும் வாய்க்கால்லயே போய்ச் சாமி கும்பிட்டுட்டு வரலாம். கண்ணாலமான புதுசுல நீ கேட்டயே, நெனப்பிருக்குதா?" என்றான் கந்தப்பன்.

நினைவிருந்தது. அப்படிக் கேட்ட பெண்ணைத்தான் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. யாரோ ஒரு சொந்தக்காரப் பெண், சின்ன வயதில் பார்த்தது போல இருந்தது.

"செரிங்க" என்றாள்.

"நானும் வாரேன். அந்தப் பெருமாளுக்கு எனக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்குது" என்று ஆத்தாயி ஒரு பெரிய கூடையோடு வந்து முதல் ஆளாக ஏறிக்கொண்டாள்.

அது ராஜவாய்க்காலுக்கென்றே ஒடுக்கமாகவும் நீளமாகவும் செய்த படகு. வெற்றிலைக் கட்டுகளைப் பரமத்தி வேலூர்ச் சந்தைக்குக் கொண்டுபோக மண்டிக்காரர் செய்துவைத்தது. நடுவில் பாயால் ஒரு கூரை. பின்னால் நின்று மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுகிறவன் பெயர் மாதையன். நடந்து போகிறவன் படகைத் தாண்டிப் போய்விடுவான். அவ்வளவு மெதுவாக அது நகரும்.

இரண்டு பக்கமும் கொடிக்கால்கள். அகத்தி மரங்களில் வெற்றிலைக் கொடி சுற்றி ஏறியிருந்தது. உள்ளே ஆட்கள் இலை கிள்ளும் சத்தம் கேட்டது, ஆட்கள் தெரியவில்லை. மேட்டூரில் அணை எழுந்த பிறகு வாய்க்காலில் தண்ணீர் கட்டுப்பாடாக, ஒரே மட்டமாக வருகிறது. வெயில் அதன்மேல் எண்ணெய் போலக் கிடந்தது.

கந்தப்பன் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். அந்தத் தோப்பு யாருடையது, இந்த மதகு எப்போது உடைந்தது, எந்தக் கொடிக்காலில் இந்த வருஷம் வாடல் நோய் விழுந்தது. சௌந்திரம் ஒவ்வொன்றுக்கும் அவன் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தாள். மீன்கொத்தி ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. நல்ல நீலம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்த இடத்திலேயே நின்றது. அதற்கு மேல் உள்ளே போகவில்லை.

பொத்தனூரைத் தாண்டும்போது ஒரு படித்துறையில் ஒருத்தி தன் பையனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பையன் சீயக்காய் கண்ணில் பட்டு வீறிட்டுக் கத்தினான். நாலு வயதுதான் இருக்கும்.

கந்தப்பனின் பேச்சு நின்றது. மாதையன் கழியை வேகமாக ஊன்றினான். ஆத்தாயி ஓரக்கண்ணால் சௌந்திரத்தைப் பார்த்தாள்.

சௌந்திரமும் பார்த்தாள். பையனின் இடது காதுக்குப் பின்னால் சீயக்காய் அப்படியே ஒட்டியிருந்தது. அதைச் சொல்லலாமா என்று தோன்றியது. அதற்குள் படகு தாண்டிவிட்டது.

"பாத்தயா?" என்றாள் ஆத்தாயி தம்பியிடம், மெதுவாகத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒரு பெத்தவ மாதிரியா இருக்கறா?"

"உடு, அக்கா" என்றான் கந்தப்பன்.

பரமத்தி வேலூருக்குள் நுழைந்ததும் வாய்க்காலின் முகமே மாறியது. கொடிக்கால்கள் போய் வீடுகளின் பின்புறங்கள் வந்தன. ஊர் தன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காப்பி கிளப்பின் பின்வாசலில் ஒருவன் இட்லித் துணிகளை அலசிக்கொண்டிருந்தான். பள்ளிவாசலை ஒட்டிய சின்னப் படிகளில் தொப்பிக்காரப் பெரியவர் ஒருவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். மச்சிலிருந்து ஒரு பெண் தலையைத் துவட்டியபடி படகை வேடிக்கை பார்த்தாள். எண்ணெய்ச் செக்கு முனகியது.

"மாதையா, இங்க நிறுத்து. பூவும் பழமும் வாங்கோணும்" என்று ஆத்தாயி கூடையோடு இறங்கினாள். மாதையனும் புகையிலை வாங்கி வருவதாகச் சொல்லிப் படகைக் கட்டிவிட்டுப் போனான்.

படகில் புருஷனும் பெண்சாதியும் மட்டும் இருந்தார்கள். ராசு போன பிறகு அவர்கள் இருவரும் பகல் வெளிச்சத்தில் தனியாக உட்கார்வது இதுதான் முதல் தடவை.

"சௌந்திரம்."

"ம்."

"இடையாத்துல ஒரு ஊட்டுல எறங்கோணும். அக்கா ஏற்பாடு."

"செரிங்க."

"எதுக்குன்னு கேக்க மாட்டயா?"

"எதுக்குங்க?"

அவன் சொன்னான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இடையாற்று அப்புசாமிக்கு ஒரே மகள், பெயர் சின்னாயி. ராசுவைப் பெற்றெடுத்த பிறகு சௌந்திரத்துக்கு இனிப் பிள்ளை தங்காது என்று மருத்துவச்சி சொன்னது ஊருக்கே தெரியும். நிலம் இருக்கிறது, கொடிக்கால் இருக்கிறது, பின்னால் கொள்ளி வைக்க ஆள் வேண்டாமா என்று அக்கா கேட்கிறாள். இன்றைக்குப் பூ வைக்கிறார்கள். மாசியில் கல்யாணம். மூத்தவள் கூட வந்து நின்றால்தான் பெண் வீட்டார் ஒப்புவார்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவன் திரும்பினான். முகம் வேர்த்திருந்தது.

"நீ வேண்டாம்னு ஒத்தை வார்த்தை சொல்லு, சௌந்திரம். இப்பவே படகைத் திருப்பீர்றேன். அக்கா தலைகீழா நின்னாலும் செரி. ஒத்தை வார்த்தை போதும்."

அவன் பொய் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. அந்த வார்த்தையைத் தேடித்தான் பார்த்தாள். காலிக் குதிருக்குள் கையை விட்டுத் துழாவினால் அடிமண்தானே தட்டுப்படும்? அப்படித்தான் இருந்தது. கோபம் இல்லை. பொறாமை இல்லை. புதிதாக ஒருத்தி வந்தால் எந்த அறையைக் கொடுப்பது என்று மட்டும் ஒரு யோசனை வந்து போனது.

அவள் கேட்டாள்: "ஏனுங்க, நீங்க வேண்டாம்னு சொல்ல மாட்டீங்களா?"

கந்தப்பன் வாயைத் திறந்தான். படிகளில் ஆத்தாயியின் குரல் கேட்டது. அவன் கூடையை வாங்க எழுந்து போனான்.

*

இடையாற்றில் படித்துறை மேலேயே அப்புசாமியின் வீடு. வாசல் நிறையக் கோலம். ஒறம்பரை என்று சொந்தக்காரர்களெல்லாம் கூடியிருந்தார்கள். படகைக் கண்டதும் இரண்டு பெண்கள் ஆரத்தியோடு படியிறங்கி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி கந்தப்பனுக்கு மட்டும் சுற்றுவதா, சௌந்திரத்துக்கும் சேர்த்துச் சுற்றுவதா என்று தெரியாமல் தடுமாறினாள். சௌந்திரம் அவளுக்கு வசதியாக ஒதுங்கி நின்றாள்.

ஆத்தாயி கூடையிலிருந்து தாம்பாளத்தை எடுத்துப் பூவும் பழமும் மஞ்சளும் அடுக்கினாள். அதைச் சௌந்திரத்தின் கையில் வைத்தாள்.

"உங் கையாலயே புள்ளைக்குப் பூ வெச்சுரு, அம்மிணி. நாளைக்கு ஊர்ல ஒரு சொல் வரக்கூடாது பாரு."

"செரிங்க, நங்கையா" என்றாள் சௌந்திரம் நாத்தனாரிடம்.

கூடத்தில் ஆண்கள் ஒரு பக்கம் சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளறை வாசலை ஒட்டி மணையில் சின்னாயி இருந்தாள். பதினெட்டு வயதிருக்கலாம். பட்டுச் சேலைக்குள் ஒடுங்கிப்போய், மடியில் இரண்டு கைகளையும் பூட்டி வைத்திருந்தாள். சௌந்திரம் பக்கத்தில் மண்டியிட்டதும் அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"அக்கா, நீங்களாத்தான் எம் பேரைச் சொன்னீங்களாமா? உங்களுக்கு முழுச் சம்மதம்னு சொன்னாங்க. நெசந்தானுங்களா?"

"யார் சொன்னது?"

"உங்க நங்கையாதானுங்க."

சௌந்திரம் மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்தாள்.

அந்தச் சமயத்தில் சமுக்காளத்தில் இருந்த ஒரு பெரியவர், "ஏனப்பா அப்புசாமி, சாவு விழுந்து ஒரு வருசங்கூட ஆகலையே, அதுக்குள்ள அவசரமா?" என்று கேட்டார்.

அப்புசாமி நல்ல மனிதர். சூது தெரியாதவர். சத்தமாகவே பதில் சொன்னார்: "அவசரம் என்னங்க? பொரட்டாசி மூணாஞ் சனிக்கெழமயே ஆத்தாயி அம்மா வந்து வாக்கு வாங்கிட்டுப் போயாச்சு. இப்பப் பூ வெக்கறது மொறைக்குத்தானுங்க."

சௌந்திரத்தின் கை சரத்தோடு நின்றது.

ராசு இறந்தது ஐப்பசியில்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை அவளுக்கு மறக்கிற நாள் அல்ல. ஆவணியிலிருந்து விடாத காய்ச்சல் அன்று இறங்கியிருந்தது. ராசு அவள் மடியில் எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு இரண்டு வாய் வாங்கினான். மூன்றாவது வாய்க்கு, "பொறவு" என்று கையால் மறைத்தான். சாயங்காலம் ஆத்தாயி வந்தாள். மோகனூர்ப் பெருமாளிடம் பையனுக்காக வேண்டிக்கொண்டு வந்ததாகச் சொல்லி, துளசியை அவன் வாயில் வைத்தாள். கசப்பில் அவன் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். மோகனூருக்கு இடையாற்றைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"மாமா" என்று அப்புசாமியைக் கூப்பிட்டாள் சௌந்திரம்.

கூடம் அடங்கியது. பூ வைக்கும் இடத்தில் மூத்தவள் பேசுவது வழக்கமில்லை.

"எந்தப் பொரட்டாசிங்க? எம் பையன் போனது ஐப்பசியிலதானுங்க."

"போன பொரட்டாசிதான்..." என்று தொடங்கிய அப்புசாமி, பாதியில் தன் வார்த்தையைத் தானே கேட்டார். ஆத்தாயியைத் திரும்பிப் பார்த்தார். "ஏனம்மா? பையன் போயிட்டான்னு சொல்லித்தான அன்னிக்கு எங்கிட்ட வாக்கு வாங்குனீங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க? சௌந்திரம், நல்ல நேரம் போகுது. பூவை வெய்யி" என்றாள் ஆத்தாயி.

சௌந்திரம் சரத்தைத் தாம்பாளத்தில் வைத்தாள். தாம்பாளத்தைத் தரையில் வைத்தாள். எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வாசல் கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். யாரும் தடுக்கவில்லை. அவள் அவ்வளவு சாதாரணமாக நடந்ததால், எதையோ எடுத்து வரப் போகிறாள் என்றே நினைத்தார்கள்.

*

"மோகனூருக்குப் போலாங்க" என்றாள் மாதையனிடம்.

"அவிங்க வரலீங்களா, அம்மிணி?"

"இல்லீங்க."

மாதையன் கயிற்றை அவிழ்க்கும்போது கந்தப்பன் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தான். தண்ணீரிலேயே இறங்கிவிட்டான். முழங்காலுக்கு மேல் வேட்டி நனைய, படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எறங்கு, சௌந்திரம். ஊட்டுக்குப் போலாம். எனக்கு இந்தக் கண்ணாலமே வேண்டாம். சொல்லிப்போட்டேன், வேண்டாம்னு அங்க சொல்லிப்போட்டுத்தான் வாரேன்."

காலையில் இந்த வார்த்தை வந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ தெரியாது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"அந்தச் சனிக்கெழம நங்கையாளுக்கு நீங்கதான் வண்டி கட்டி அனுப்பினீங்க. வண்டி எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

படகு மெல்ல ஆடியது. மாதையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். மேலே வீட்டுக்குள் இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும்" என்றான் கந்தப்பன்.

பிறகு எல்லாம் கொட்டியது. "டாக்டரு எங்கிட்டச் சொல்லிப்போட்டாரு, சௌந்திரம். காச்சல் எறங்குனாலும் பையன் நிக்க மாட்டான், மனசைத் தேத்திக்கோங்கன்னு. உங்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலை. நீ தெனமும் அவன் நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு இருந்தே. எப்படிச் சொல்லுவேன்? அக்காகிட்டச் சொல்லி அழுதேன். அவ அடுத்த வாரமே, இடையாத்துல ஒரு புள்ளை இருக்குது, பேசி வெக்கட்டான்னு கேட்டா. நான் போய்ப் பேசுன்னு சொல்லலை. சத்தியமாச் சொல்லலை."

"வேண்டாம்னும் சொல்லலை."

கந்தப்பன் படகின் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"அன்னிக்கு அவன் ரெண்டு வாய் சோறு தின்னான்" என்றாள் சௌந்திரம். அவள் குரல் உயரவில்லை. சந்தையில் எதையோ வாங்கி வந்ததைச் சொல்வது போலவே இருந்தது. "பொழச்சுக்குவான்னு நான் நெனச்சேன். நீங்களும் எங்கூட ஒக்காந்து சிரிச்சீங்க."

"சௌந்திரம்..."

"கைய எடுங்க."

அவன் எடுக்கவில்லை. அவள் குனிந்து, அவன் கையைத் தொட்டாள். அடிப்பதற்கல்ல, பிய்ப்பதற்கும் அல்ல. தூங்குகிற குழந்தையின் பிடியிலிருந்து சேலை நுனியை விடுவிப்பது போல, ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். கந்தப்பன் அப்படியே தண்ணீரில் நின்றான்.

மாதையன் கழியை ஊன்றினான்.

கொஞ்ச தூரத்தில் வாழைத் தோட்டங்கள் வந்தன. ஒரு கமலைச் சால் தண்ணீர் கொட்டும் சத்தம் வந்து பின்னால் போனது.

"மோகனூர்ல யாருங்க இருக்கறாங்க, அம்மிணி?" என்றான் மாதையன் கடைசியில்.

"எங்க சின்னம்மா ஊடு இருக்குதுங்க." போய் எத்தனையோ காலமாயிற்று. அந்தச் சின்னம்மா இருக்கிறாளா, இருந்தால் கதவைத் திறப்பாளா என்பதை அவள் இன்னும் யோசிக்கவில்லை.

"அக்கா!"

கரையில் யாரோ ஓடி வந்தார்கள். பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரப்பில் வழுக்கி எழுந்து, வாழைகளுக்கு ஊடே அவள் வந்தாள். சின்னாயி. தலையில் பூ இல்லை. காலெல்லாம் சேறு.

படகு நிற்கவில்லை. அவள் அதோடு சேர்ந்து கரையில் நடந்துகொண்டே மூச்சு வாங்கினாள்.

"எங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டாங்கக்கா. எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாதுங்க."

"உம்மேல எனக்கென்ன கோவம்? ஊட்டுக்குப் போ, அம்மிணி."

"போக மாட்டேன். உங்க நங்கையா எங்கப்பனை மெரட்டறாங்க. பேசுனது பேசுனதுதான், பூவை அவிங்களே வெக்கறாங்களாமா. எங்கப்பனும் வாக்குக் குடுத்தாச்சேன்னு அழுகறாரு." சின்னாயி நின்றாள், படகு நகர்வதைப் பார்த்து மறுபடியும் நடந்தாள். "ஒரு பையன் உசுரோட மடியில ஒக்காந்திருக்கையில, அவன் போவான்னு எனக்கு எடம் பாத்து வெச்சிருக்காங்க. அந்த ஊட்டுல நான் எப்படிங்கக்கா வௌக்கேத்துவேன்? எனக்குப் பயமா இருக்குதுங்க."

சௌந்திரம் அவளையே பார்த்தாள். இத்தனை மாதத்தில் ராசு மடியில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி யாரும் பேசியதில்லை. போனதைப் பற்றித்தான் பேசினார்கள். அவன் உயிரோடு ஒரு மடியில் உட்கார்ந்திருந்தான் என்று, அவனைப் பார்த்தே இராத இந்தப் பெண் சொல்கிறாள்.

"கரையோரம் உடுங்க" என்றாள் மாதையனிடம்.

மாதையன் கழியை ஊன்றாமல் பிடித்துக்கொண்டான். "வேண்டாங்க, அம்மிணி. வயசுப் புள்ளை. ஏத்திட்டுப் போனா எந் தலைய எடுத்துப்போடுவாங்க. நீங்க பெரிய எடம். எனக்கு யார் இருக்கறா?"

"நீங்க ஏத்தலைங்க. நான்தான் ஏத்தறேன். யார் கேட்டாலும் நான் சொல்லிக்கறேன். கரையோரம் உடுங்க."

வாழைகளுக்கு அப்பால் ஆட்களின் குரல்கள் கேட்டன. "புள்ளை எங்கடா?" என்று யாரோ கத்தினார்கள். நாய் குரைத்தது.

படகு கரையை உரசியது. சௌந்திரம் எழுந்து நின்று கையை நீட்டினாள். சின்னாயி ஒரு முறை பின்னால் திரும்பித் தன் வீட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"இங்க ஒக்காரு. பாய்க்குள்ளார வா."

சின்னாயி உட்கார்ந்தாள். சௌந்திரம் தன் முந்தானையால் அவள் காலில் இருந்த சேற்றைத் துடைக்கத் தொடங்கினாள்.

முன்னால் வண்டித்தடம் வாய்க்காலைக் கடக்கும் பாலம் தெரிந்தது. அதன்மேல் ஒரு சவாரி வண்டி நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய ஆள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, வருகிற படகைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். இடையாற்று ஆளா, வழிப்போக்கனா என்று வெயிலில் தெரியவில்லை.

மாதையன் கழியைத் தூக்கிக்கொண்டு சௌந்திரத்தைப் பார்த்தான்.

"தள்ளுங்க" என்றாள் அவள். பிறகு பக்கத்தில் இருந்தவளின் தலைமேல் கையை வைத்து அழுத்தினாள். "குனிஞ்சுக்க, அம்மிணி. பாலம் வருது."